நிரலாக்க மொழிகளின் சமூக ஆவணமாக்கம்

நிரலாக்க மொழிகளின் சமூக ஆவணமாக்கம் என்பது, ஒரு நிரலாக்க மொழியின் இலக்கணம், நூலகங்கள், பயன்பாட்டு முறை ஆகியவற்றை விளக்கும் ஆவணங்களை, அம்மொழியைப் பயன்படுத்துவோரே தன்னார்வமாகக் கூடி எழுதி, திருத்தி, மொழிபெயர்த்துப் பேணும் முறையைக் குறிக்கும். பைத்தான், பி.எச்.பி., பெர்ள், ரூபி போன்ற கட்டற்ற நிரலாக்க மொழிகளின் ஆவணங்கள் பெருமளவில் இம்முறையிலேயே வளர்ந்தவை. தமிழில் எழில் நிரலாக்க மொழியின் கையேடுகளும், கணியம் இதழும் அதன் நூல்களும் இத்துறையைச் சார்ந்த முயற்சிகளாகும்.

ஓர் ஆவணத்தை முதன்முதலில் எழுதுவதைக் காட்டிலும், மொழி மாறும்போதெல்லாம் அதனை இற்றைப்படுத்துவதே கடினமான பணியாகும். எழுதியவர் வேறு வேலைக்குச் சென்றுவிடலாம். மொழியோ தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். இற்றைப்படுத்தப்படாத ஆவணம் பயனற்றதாவதோடு நில்லாமல், கற்பவரைத் தவறான வழியிலும் செலுத்துகிறது.

== ஆவணங்களின் வகைகள் ==

மென்பொருள் ஆவணங்களை நான்கு வகையாகப் பிரித்து நோக்கும் முறையொன்றை டேனியேல் புரோச்சிடா என்பவர் முன்வைத்துள்ளார். இம்முறை டையாட்டாக்சிசு என அழைக்கப்படுகிறது. அவ்வகைகள் வருமாறு:

* பயிற்சிப் பாடம் - புதியவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது.
* செய்முறை வழிகாட்டி - குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்து முடிக்க உதவுவது.
* உசாத்துணைக் கையேடு - ஒவ்வொரு கட்டளையையும் செயற்கூறையும் முறைப்படி விவரிப்பது.
* விளக்கக் கட்டுரை - ஒன்று ஏன் அவ்வாறு அமைந்துள்ளது என்பதைத் தெளிவுபடுத்துவது.

இந்நான்கும் ஒரே வேகத்தில் பழையனவாவதில்லை. உசாத்துணைக் கையேடு நிரலோடு நேரடியாகப் பிணைந்தது. நிரலின் ஒரு வரி மாறினாலும் கையேடும் மாறவேண்டும். விளக்கக் கட்டுரை பல ஆண்டுகள் நிலைக்கக்கூடியது. பயிற்சிப் பாடமே மிக எளிதில் உடைகிறது. அதில் ஒவ்வொரு படியும் முந்தைய படியைச் சார்ந்திருப்பதால், நடுவில் ஒரு படி பிழைத்தால் எஞ்சியவை அனைத்தும் பயனற்றுப் போகின்றன. மேலும், பயிற்சிப் பாடத்தைப் படிப்பவர் புதியவர். பிழை ஆவணத்தில் உள்ளதா, தம்மிடம் உள்ளதா என்று பிரித்தறிய அவரால் இயலாது.

== வரலாறு ==

யுனிக்சு இயங்குதளத்தின் முதற் கையேடு 1971 நவம்பரில் வெளியானது. கட்டளை ஒவ்வொன்றிற்கும் ஒரு பக்கம் என்னும் அதன் அமைப்பு பின்வந்த பல கையேடுகளுக்கு முன்மாதிரியாயிற்று. 1984இல் டொனால்டு குனுத், நிரலையும் அதன் விளக்கத்தையும் ஒரே ஆவணமாக எழுதவேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். 1994இல் வெளியான பெர்ள் 5, ஆவணத்தை நிரற்கோப்பின் உள்ளேயே எழுதும் எளிய வடிவம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. நிரலின் உள்ளே எழுதப்படும் குறிப்புகளிலிருந்து கையேட்டைத் தானாக உருவாக்கும் ஜாவாடாக் என்னும் கருவி, 1996இல் ஜாவாவின் முதற் பதிப்போடு வெளிவந்தது. நிரலும் விளக்கமும் ஒரே கோப்பில் இருந்தால், ஒன்றை மாற்றுபவரின் கண்ணில் மற்றதும் படும் என்பதே இவற்றின் பொதுவான அடிப்படை.

பைத்தான் மொழியின் ஆவணங்கள் தொடக்கத்தில் இலாடெக் என்னும் அச்சுக்கோப்பு முறையில் எழுதப்பட்டன. அம்முறையை அறியாதோர் ஒரு சிறு எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கும் தயங்கினர். கியார்கு பிராண்டில் இவ்வாவணங்களை எளிய உரை வடிவிற்கு மாற்றி, அவற்றைத் தொகுக்க சுபிங்சு என்னும் கருவியையும் உருவாக்கினார். 2008இல் வெளியான பைத்தான் 2.6இன் ஆவணங்கள் இக்கருவியால் உருவாக்கப்பட்டன. பின்னர் பைத்தான் அல்லாத பல திட்டங்களும் இதனைப் பின்பற்றின. திருத்துவதற்கான தடை குறைந்தால் திருத்துவோர் பெருகுவர் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

யாவாக்கிறிட்டு உள்ளிட்ட வலைத் தொழில்நுட்பங்களுக்கு மொசில்லா 2005இல் தொடங்கிய ஆவணத் தொகுப்பு, நீண்ட காலம் எவரும் நேரடியாகத் தொகுக்கக்கூடிய விக்கியாக இருந்தது. 2020 திசம்பரில் இது கிட் பதிப்புக் கட்டுப்பாட்டுக் களஞ்சியம் ஒன்றிற்கு மாற்றப்பட்டது. அன்று முதல், ஒவ்வொரு மாற்றமும் வெளியிடப்படும் முன்னர் மற்றொருவரால் சரிபார்க்கப்படுகிறது.

== ஆவணங்கள் காலாவதியாதல் ==

ஆவணங்கள் பழையனவாவதற்கு முதற் காரணம் மொழிகள் மாறும் வேகமாகும். பைத்தான் இப்போது ஆண்டுக்கொரு முறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஜாவா 2018 முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு பதிப்பையும், ரஸ்ட் ஆறு வாரங்களுக்கு ஒரு பதிப்பையும் வெளியிடுகின்றன. நிரலை மாற்றுபவர் ஒருவராகவும், ஆவணத்தைப் பேணுபவர் வேறொருவராகவும் இருக்கும்போது இடைவெளி தோன்றுகிறது.

பழைய ஆவணங்களால் விளையும் பிழைகள் இருவகைப்படும். முதல் வகை வெளிப்படையானது. பைத்தான் 2இல் அச்சிடும் கட்டளை அடைப்புக்குறி இன்றி எழுதப்பட்டது. 2008 திசம்பரில் வெளியான பைத்தான் 3இல் அது செயற்கூறாக மாற்றப்பட்டதால் அடைப்புக்குறி கட்டாயமாயிற்று. பழைய பாடத்தைப் பின்பற்றும் மாணவர் முதல் வரியிலேயே பிழைச்செய்தியைக் காண்பார். இது தொல்லை தருவதாயினும், பிழை உள்ளது என்பதையாவது அறிவிக்கிறது.

இரண்டாம் வகை மறைவானது. சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டைக் கொண்டு இதனை விளக்கலாம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1515 மீட்டர் உயரத்திலும், மலையடிவாரத்தில் உள்ள சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு 1235 மீட்டர். சேலம் - ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஒரு வளைவிற்குச் சராசரியாக எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்று அறிய 1235ஐ 20ஆல் வகுக்கும் நிரலை ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்வோம். பைத்தான் 2இல் இரு முழு எண்களை வகுத்தால் முழு எண்ணே விடையாகும். எனவே 61 கிடைக்கும். பைத்தான் 3இல் அதே வரி 61.75 என்னும் விடையைத் தரும். இரண்டிலும் பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. வகுத்தலைப் பற்றிய பழைய விளக்கத்தைப் படித்தவர், தம் நிரல் ஏன் வேறு விடையைத் தருகிறது என்று அறியமாட்டார்.

பைத்தான் 2இற்கான ஆதரவு 2020 சனவரி 1 அன்று முடிவுற்றது. எனினும் அதற்காக எழுதப்பட்ட பாடங்கள் நூல்களிலும் கல்லூரிக் குறிப்புகளிலும் இன்றும் எஞ்சியுள்ளன. பழைய உரைகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் சில வேளைகளில் வழக்கொழிந்த பயன்பாடுகளையே பரிந்துரைக்கின்றன. ஆகவே ஓர் ஆவணத்தில் உள்ள பழைய செய்தி, அந்த ஆவணத்தைப் படித்தவரோடு நின்றுவிடுவதில்லை.

== பாதுகாப்பு விளைவுகள் ==

காலாவதியான ஆவணம் பாதுகாப்புக் குறைபாடுகளுக்கும் காரணமாகலாம். பி.எச்.பி. மொழியில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை அணுகுவதற்கு முற்காலத்தில் இருந்த நீட்சி இதற்குத் தக்க சான்றாகும். 2000களின் பாடங்கள் பலவற்றில், பயனர் உள்ளிடும் சொல்லை அப்படியே வினவலோடு ஒட்டி அனுப்பும் முறை கற்பிக்கப்பட்டது. இவ்வாறு எழுதப்பட்ட நிரலில், தீய நோக்குடையோர் தம் சொந்த வினவலை உள்ளீட்டில் புகுத்தித் தரவுகளைத் திருடவோ அழிக்கவோ இயலும்.

அந்நீட்சி 2013இல் வெளியான பி.எச்.பி. 5.5 பதிப்பில் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டு, 2015 திசம்பரில் வெளியான 7.0 பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டது. அதிகாரப்பூர்வக் கையேடு உரிய பக்கங்களில் எச்சரிக்கையை இட்டு, மாற்று வழிகளையும் காட்டியது. ஆனால் தனியாட்கள் எழுதிய பழைய பாடங்களில் அவ்வெச்சரிக்கை தானாகத் தோன்றாது. மொழியைப் பேணுவோரின் திருத்தம் தொகுக்கப்பட்ட கையேட்டை மட்டுமே சென்றடையும். சிதறிக் கிடக்கும் படிகளை எட்டாது.

== இற்றைப்படுத்தும் முறைகள் ==

ஆவணங்களைப் பேணுவதற்குப் பல திட்டங்கள் பின்வரும் முறைகளைக் கையாளுகின்றன.

* ஒரே களஞ்சியம்: நிரலும் ஆவணமும் ஒரே பதிப்புக் கட்டுப்பாட்டுக் களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன. புதிய வசதியைச் சேர்ப்பவர் அதற்குரிய ஆவணத்தையும் உடன் அளிக்கவேண்டும் என்பது விதியாகும்.

* எடுத்துக்காட்டுகளைச் சோதித்தல்: ஆவணத்தில் உள்ள மாதிரி நிரல்களைக் கணினியே இயக்கிப் பார்க்கிறது. பைத்தானில் டிம் பீட்டர்சு எழுதிய டாக்டெசுட்டு என்னும் கூறு 2001இல் வெளியான 2.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது. இது ஆவணத்தில் காட்டப்பட்ட விடையையும் உண்மையில் கிடைக்கும் விடையையும் ஒப்பிடும். ரஸ்ட் மொழியிலும் ஆவணத்தில் உள்ள மாதிரி நிரல்கள் சோதனைகளாக இயக்கப்படுகின்றன. மேலே கூறிய வகுத்தல் எடுத்துக்காட்டு இவ்வாறு சோதிக்கப்பட்டிருந்தால், 61 என்னும் பழைய விடை உடனே வெளிப்பட்டிருக்கும்.

* பதிப்புக் குறிகள்: ஒரு வசதி எந்தப் பதிப்பில் சேர்க்கப்பட்டது, எந்தப் பதிப்பில் மாறியது, எப்போது வழக்கொழிந்தது என்பன உரிய இடத்திலேயே குறிக்கப்படுகின்றன. இதனால் பழைய பதிப்பைப் பயன்படுத்துவோரும் பயனடைவர்.

* பதிப்புதோறும் தனி ஆவணம்: ஒவ்வொரு பதிப்பிற்கும் உரிய ஆவணம் தனித்தனியே காக்கப்படுகிறது. பழைய ஆவணத்தின் தலைப்பில், இது ஆதரவு முடிந்த பதிப்பிற்குரியது என்னும் அறிவிப்பு இடப்படுகிறது.

* இணைப்புச் சோதனை: ஆவணத்தில் தரப்பட்டுள்ள இணைப்புகள் இன்னும் செயற்படுகின்றனவா என்பதைக் கருவிகள் அவ்வப்போது சரிபார்க்கின்றன.

இயந்திரச் சோதனைகளுக்கு எல்லை உண்டு. மாதிரி நிரல் இயங்குகிறது என்பதை மட்டுமே அவை உறுதிசெய்யும். அதனைச் சூழ்ந்துள்ள விளக்கம் உண்மையா, அம்முறை இன்றும் பரிந்துரைக்கத்தக்கதா என்பதை மனிதரே படித்துத் தீர்மானிக்கவேண்டும்.

== மொழிபெயர்ப்பு ஆவணங்கள் ==

மொழிபெயர்க்கப்பட்ட ஆவணம் இருமடங்கு சுமை உடையது. நிரல் மாறும்போது மூல ஆவணம் மாறவேண்டும். மூல ஆவணம் மாறும்போது மொழிபெயர்ப்பும் மாறவேண்டும். மொழிபெயர்ப்பு எந்த அளவு பின்தங்கியுள்ளது என்பதை அறிய இரு முறைகள் பரவலாக உள்ளன.

முதலாவது, பி.எச்.பி. கையேட்டில் பின்பற்றப்படும் கோப்பு முறையாகும். மொழிபெயர்க்கப்பட்ட ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும், அது ஆங்கில மூலத்தின் எந்தத் திருத்தத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது என்பதும், அதனைப் பேணுபவர் யார் என்பதும் குறிக்கப்படும். மூலம் அத்திருத்தத்தைக் கடந்து சென்றுவிட்டால் அக்கோப்பு பழையது என்று கருவிகள் பட்டியலிடும். மொழிபெயர்க்கப்படாத பக்கங்களுக்கு ஆங்கில மூலமே காட்டப்படும்.

இரண்டாவது, குனூ கெட்டெக்சுட்டு என்னும் கருவியைச் சார்ந்த பத்தி முறையாகும். இதில் ஆவணம் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. மூலப் பகுதி சிறிது மாறினால், அதன் பழைய மொழிபெயர்ப்பு ஐயத்திற்குரியது எனக் குறிக்கப்படும். ஒருவர் பார்த்து உறுதிசெய்யும்வரை அது பயன்படுத்தப்படாது. பைத்தான் ஆவணங்களின் மொழிபெயர்ப்புகள் இம்முறையில் பேணப்படுகின்றன. இதற்கான நெறிமுறை 2017இல் வகுக்கப்பட்டது. சப்பானியம், பிரெஞ்சு, கொரியம் ஆகியன முதலில் இடம்பெற்ற மொழிகளாகும்.

இவ்விரு முறைகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. பழைய மொழிபெயர்ப்பைப் புதியதுபோலக் காட்டுவதைவிட, அது பழையது என்று வெளிப்படையாகக் கூறுவது அல்லது மூலத்தைக் காட்டுவது மேல் என இரண்டுமே கருதுகின்றன. மொசில்லா ஆவணத் தொகுப்பும் 2020இன் இறுதியில் மொழிபெயர்ப்புகளை உறையவைத்தது. பேணுவதற்குக் குழு முன்வந்த மொழிகள் மீண்டும் திறக்கப்பட்டன. ஆளில்லாத பல மொழிகள் நீக்கப்பட்டன. அவற்றில் முன்னர் செய்யப்பட்ட உழைப்பு வாசகர் பார்வையிலிருந்து மறைந்தது.

== தமிழில் ==

தமிழில் கணினி ஆவணங்கள் காலாவதியாவதற்கு மொழிக்கே உரிய சில காரணங்களும் உண்டு.

=== குறியாக்கம் ===

ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. ஆயினும் 2000களின் முற்பகுதி வரை தமிழ் உரைகள் பலவும் திசுக்கி, தாப், தாம் போன்ற குறியாக்கங்களிலும் தனித்தனி எழுத்துரு முறைகளிலும் எழுதப்பட்டன. தாப், தாம் ஆகிய இரண்டும் 1999இல் தமிழ்நாடு அரசின் ஏற்பைப் பெற்றவை. 2010இல் அரசு ஒருங்குறியையும், அதனோடு அனைத்து எழுத்துக் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. பழைய குறியாக்கத்தில் உள்ள உரைகள் உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். உள்ளடக்கம் சரியாக இருந்தும் படிக்க இயலாமற் போவது இவ்வகைக் காலாவதியாகும். குறியாக்க மாற்றிகளின் துணையோடு இவற்றை மீட்கலாம்.

=== கலைச்சொற்கள் ===

கலைச்சொற்களும் காலத்தோடு மாறுகின்றன. செயலி என்னும் சொல் முன்னர்க் கணினியின் மையச் செயலகத்தையும் சிறு நிரல்களையும் குறிக்க வழங்கியது. திறன்பேசிகள் பரவியபின் அவற்றில் நிறுவப்படும் மென்பொருளையே அச்சொல் பெரிதும் குறிக்கிறது. செயற்கூறு, சார்பு, செயற்பாடு, நிரல்பாகம் ஆகிய சொற்கள் ஒரே கருத்திற்கு வெவ்வேறு நூல்களில் ஆளப்படுகின்றன. இரு நூல்களைப் படிக்கும் மாணவர் அவற்றை இரு வேறு கருத்துகளாக எண்ணக்கூடும். ஆகவே தமிழ் ஆவணத்தைப் பேணுவோர், நிரலின் மாற்றத்தோடு சொல்வழக்கின் மாற்றத்தையும் கவனிக்கவேண்டியவராகின்றனர். ஒவ்வொரு திட்டத்திற்கும் ஒரு கலைச்சொற் பட்டியலை வைத்து, ஆவணம் முழுவதும் அதனையே பின்பற்றுவது இதற்கான எளிய தீர்வாகும்.

=== எழில் ===

எழில் என்பது முத்தையா அண்ணாமலை உருவாக்கிய, தமிழ்க் குறிச்சொற்களைக் கொண்ட நிரலாக்க மொழியாகும். இதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2009இல் வெளியானது. இம்மொழியைக் கற்பிக்கும் "தமிழில் நிரல் எழுது" என்னும் நூலை என். சொக்கனும் முத்தையா அண்ணாமலையும் இணைந்து எழுதினர். அது 2013இல் வெளிவந்தது. எழிலில் எழுதப்பட்ட ஒரு சிறு நிரல் வருமாறு:

நிரல்பாகம் அடியாக்கு( மீட்டர் )
    பின்கொடு மீட்டர் * 3.28
முடி

பதிப்பி "ஏற்காட்டின் உயரம், அடியில்:", அடியாக்கு( 1515 )

இதில் நிரல்பாகம் என்பது ஒரு செயற்கூறின் தொடக்கத்தையும், முடி என்பது அதன் இறுதியையும் காட்டுகின்றன. பின்கொடு என்பது விடையைத் திருப்பித் தருகிறது. பதிப்பி என்பது விடையைத் திரையில் காட்டுகிறது. இந்நிரல் ஏறத்தாழ 4969 என்னும் விடையைத் தரும். நிபந்தனைக் கூற்றுகளில் நிபந்தனை முதலிலும் "ஆனால்" என்னும் குறிச்சொல் அதன் பின்னும் வருவதால், தமிழ்த் தொடரின் இயல்பான ஒழுங்கு பேணப்படுகிறது.

எழிலின் குறிச்சொற்களே தமிழில் இருப்பதால், அதன் கையேட்டில் மூலத்திற்கும் மொழிபெயர்ப்பிற்கும் இடையிலான பின்னடைவு எழுவதில்லை. எனினும் எழில் பைத்தானைக் கொண்டு எழுதப்பட்டது. எனவே பைத்தானில் நிகழும் பெருமாற்றங்கள் எழிலை நிறுவும் முறையையும், அதனை விளக்கும் குறிப்புகளையும் பாதிக்கக்கூடியவை. ஒரு மொழியின் ஆவணம் தன் மொழியை மட்டுமன்றி, அது சார்ந்துள்ள மென்பொருள்களையும் கவனிக்கவேண்டும் என்பதை இது காட்டுகிறது.

=== கணியம் ===

கணியம், கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் அறிமுகப்படுத்தும் நோக்கோடு 2012 சனவரியில் தொடங்கப்பட்ட மின்னிதழாகும். இதில் தொடராக வந்த கட்டுரைகள் மின்னூல்களாகவும் தொகுக்கப்பட்டன. து. நித்யா எழுதிய "எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்" அவற்றுள் ஒன்று. இவ்வெளியீடுகள் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வழங்கப்படுகின்றன.

இற்றைப்படுத்தலில் உரிமத்திற்கு முதன்மையான இடம் உண்டு. முழு உரிமையும் காக்கப்பட்ட நூலை, அதன் ஆசிரியரோ பதிப்பகமோ தவிர வேறொருவர் திருத்தி வெளியிட இயலாது. ஆசிரியர் ஓய்வு பெற்றால் நூலும் அந்த நிலையிலேயே நின்றுவிடும். மாற்றி வெளியிட இசைவளிக்கும் உரிமத்தில் உள்ள நூலைப் பிற்காலத்தில் எவரும் எடுத்துப் புதிய பதிப்பிற்கு ஏற்பத் திருத்தலாம்.

== சிக்கல்கள் ==

புதிதாக எழுதுவதில் கிடைக்கும் மகிழ்வும் பெயரும், பிறர் எழுதியதைத் திருத்துவதில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இதனால் ஒரே பொருளில் பல அறிமுகப் பாடங்கள் தோன்றுகின்றன. பழையவை கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. நிரலர்களுக்கான கேள்வி பதில் தளமான இசுட்டாக்கு ஓவர்ஃபுளோ, எடுத்துக்காட்டுகளை மையமாகக் கொண்ட சமூக ஆவணத் திட்டம் ஒன்றை 2016 சூலையில் தொடங்கி, 2017 ஆகத்தில் நிறுத்தியது. பெருந்தொகையான பங்களிப்பாளர்களைக் கொண்ட தளத்திற்கும் இப்பணி எளிதாக அமையவில்லை.

பேணுபவர் ஒருவரையே முழுதும் நம்பியிருப்பது மற்றொரு சிக்கலாகும். அவர் விலகும்போது, எந்தப் பகுதி சரிபார்க்கப்பட்டது, எது எஞ்சியுள்ளது என்னும் அறிவும் அவரோடு சென்றுவிடுகிறது. சிறு மொழிக் குழுக்கள் இதனால் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. கையேடு முழுவதையும் மொழிபெயர்த்துப் பாதியில் கைவிடுவதைவிட, பயிற்சிப் பாடம் ஒன்றை மட்டும் எடுத்து அதனைத் தொடர்ந்து பேணுவது அத்தகைய குழுக்களுக்கு ஏற்றதாகும்.

== பங்களிப்பு ==

ஆவணங்களுக்குப் பங்களிக்க நிரலாக்கத்தில் ஆழ்ந்த புலமை தேவையில்லை. கற்கும் மாணவரே இதற்குப் பெரிதும் ஏற்றவராவார். தேர்ந்தவர் தம்மையறியாமல் தாண்டிச் செல்லும் விடுபட்ட படி, புதியவரைத் தடுத்து நிறுத்தும். எனவே அவ்விடத்தை அவரே சுட்டிக்காட்ட முடியும். பாடத்தில் உள்ள நிரல் இயங்கவில்லையெனில், பயன்படுத்திய பதிப்பு எது, எந்த வரியில் என்ன பிழைச்செய்தி தோன்றியது, எதிர்பார்த்த விடை என்ன ஆகிய மூன்றையும் குறித்து வழு அறிக்கையாக அளிப்பது முதற்படியாகும். தமிழில் பாடம் எழுதுவோர், அது எந்தப் பதிப்பில் எந்த நாளில் சோதிக்கப்பட்டது என்பதைத் தொடக்கத்திலேயே குறிப்பிடுவது வேண்டும். பத்தாண்டுகள் கழித்து அதனைப் படிப்பவருக்கு, பிழை தம்முடையதன்று என்பதை அந்த ஒரு வரி உணர்த்தும்.